சென்ட்ரிங்காரன் அடித்த பெட்டி

வீட்டிலிருந்த எல்லாச் சாமானுக்கும் ஒரு முடிவு தெரிந்துவிட்டது. பால்கனி மூலையில் கிடந்த தகரப் பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை.

பச்சைப் பெயிண்ட் அடித்த பெட்டி என்று சொன்னால்தான் தெரியும். மூடி முழுக்க சிமெண்ட் பால் வழிந்து காய்ந்து கல்லாகியிருந்தது. உள்ளே சுத்தியல்கள், உளி, கைரம்பம், ரசமட்டம், தூக்குக்குண்டு, ஆணி பிடுங்கும் கம்பி. கல்யாணத்துக்கு முன்பிருந்தே சென்ட்ரிங்காரன் அதைத் தோளில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போய்வந்தான். கட்டடம் எழும்பும் இடங்களில் கான்கிரீட் ஊற்றுவதற்குப் பலகையும் முட்டும் அடித்து நிறுத்துகிறவன் அவன். அந்தப் பெட்டி இருக்கும் இடத்தில் அவன் இருப்பான்.

அவன் மனைவி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் பால்கனிப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். பெட்டி அங்கேயே இருக்கும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

கடல் தாண்டி ஒரு மழை நாட்டில் புதிதாகத் திறந்த துறைமுகத்துக்கு அவளைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். குடும்பத்தோடு தங்க வீடு, மகளுக்குப் பள்ளிக்கூடம், கப்பலில் சாமான் கொண்டுபோகும் செலவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. துணையாக வருகிறவருக்கு முதல் வருஷம் வேலை பார்க்க அனுமதி கிடையாது. துணை என்பது இங்கே சென்ட்ரிங்காரன்.

அவன் மறுத்துப் பேசவில்லை. "சரி" என்றான். சரி என்று சொன்ன விதம்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே தட்டைப் பார்த்துச் சொன்னான். "நீங்க ரெண்டு பேரும் முதல்ல போங்க. மேஸ்திரிகிட்ட கை வேலை கொஞ்சம் நிக்குது. முடிச்சுட்டுப் பின்னாடி வரேன்."

அவள் குழம்பு ஊற்றிய கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் அக்கா வீட்டுக்காரரும் இதே வார்த்தையைச் சொன்னவர்தான். அக்கா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, நீ போ, பின்னாடி வரேன் என்றார். அக்கா மகன் மீசை முளைத்துக் கல்லூரிக்குப் போகிறான். அவர் இன்னும் பின்னாடிதான் இருக்கிறார்.

"போனா மூணு பேரும் போவோம். இல்லேன்னா யாரும் போக வேண்டாம்" என்றாள்.

"யார் வரலைன்னா? சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

பேச்சுக்குச் சொன்னவன் மறுநாளிலிருந்து மேஸ்திரியின் போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்ப் பேசினான்.

அன்றிலிருந்துதான் அவள் தகரப் பெட்டியைக் கணக்கில் வைத்தாள். அது சாமானோடு ஏறினால் அவனும் விமானம் ஏறுவான். வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டால் வருவேன் என்றுதான் சொல்லுவான். வாயால் வருகிற ஆளை வைத்து அவள் என்ன செய்ய?

சாமானைக் கட்டிக் கப்பலேற்றும் கம்பெனியிலிருந்து பார்வையிட வந்த ஆள் ஒல்லியாக இருந்தார். எதையும் கேட்காமல் அலமாரியை விரல் மடக்கித் தட்டினார்.

"தூள் பலகை. அங்க காத்தே ஈரம் மேடம். ஒரு மழைக்காலம் தாங்காது, ரொட்டி மாதிரி ஊறி உப்பிடும். விட்டுட்டுப் போங்க."

"கட்டில்?"

"அதுவும் இதே சாதிதான்."

"மெத்தை?"

"பூசணம் பூக்கும்."

"கம்பளி?"

அவர் சிரித்தார். "கம்பளியக் கொண்டு போய் அங்க யாருக்குக் காட்டப் போறீங்க?"

ஒன்பதாவது படிக்கும் மகள் சுவரில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப எதைத்தான் சார் ஏத்துவீங்க? எங்களையாவது ஏத்துவீங்களா?"

"கழுவித் துடைச்சா ஏத்துவோம் பாப்பா." அதை அவர் விளையாட்டாகச் சொன்னாலும் அடுத்ததை விளையாட்டாகச் சொல்லவில்லை. "மண்ணு ஒட்டியிருக்கவே கூடாது. செருப்பு அடி, சைக்கிள் டயர், எதுலயும். மண்ணுல விதை வரும், பூச்சி வரும்னு அங்க கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுப் பாப்பாங்க. ஒரு பொருள்ல இருந்தாப் போதும், மொத்தக் கண்டெய்னரையும் நிறுத்திருவாங்க. மரமும் அப்படித்தான். சூடு காட்டி முத்திரை குத்தின கட்டையா இருக்கணும்."

பேசிக்கொண்டே பால்கனிக்குப் போனவர் காலால் தகரப் பெட்டியைத் தொட்டார். "இது?"

கிரேன்காரி கணவனைப் பார்த்தாள்.

"அது வீட்டுச் சாமான் இல்ல" என்றான் சென்ட்ரிங்காரன்.

"அதுவும் நல்லதுதான். நாம வீட்டுச் சாமான்னுதான் எழுதிக் குடுக்கறோம். நீங்க துணையாப் போறவரு. தொழில் சாமான் கிடந்தா, இவரு வேலை பார்க்கத்தான் வராருன்னு கேள்வி வரும். மேடம் வேலைக்கே வில்லங்கமாயிடும்."

அன்று சாயங்காலம் அவள் வீட்டிலிருந்த எல்லாச் செருப்பையும் குளியலறையில் போட்டுத் தேய்த்தாள். மகளின் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து டயர் பள்ளங்களைக் குச்சியால் நோண்டினாள். வாளித் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடியது. தகரப் பெட்டியை மட்டும் தொடவில்லை. தொடுவதானால் அவனே தொடட்டும்.

அவன் தொட்டது வேறு ஒன்றை. கண்ணாடிச் சாமான்களுக்கு நானே மரப்பெட்டி அடிக்கிறேன் என்றான்.

"கம்பெனிக்காரங்களே அட்டைப் பெட்டியில கட்டுவாங்களே" என்றாள்.

"அட்டை! மழை நாட்டுக்கு அட்டையில கட்டி அனுப்புவாங்களாம். டிவி, நிலைக்கண்ணாடி, தையல் மிஷின், எல்லாத்தையும் ஒரே பெட்டியில அடக்கி அடிச்சுத் தரேன். மேல இருந்து உருட்டி விட்டாலும் ஒரு கீறல் விழாது."

"அவங்க கட்டின சாமானுக்குத்தான் அவங்க பொறுப்பு. நாம கட்டினா..."

"என் வீட்டுச் சாமானுக்கு நான் ஒரு பெட்டி அடிக்கக் கூடாதா?"

அவள் அதோடு விட்டுவிட்டாள். இந்தப் பயணத்தில் எல்லாமே அவள் பேரில் இருந்தது. வேலை, வீடு, டிக்கெட், கையெழுத்து. அவன் பேர் இருந்த ஒரே இடத்தில் துணை என்று போட்டிருந்தது. ஒரு பெட்டியாவது அவன் அடித்துக்கொள்ளட்டும்.

கம்பெனியிலிருந்து முத்திரை குத்திய ரீப்பர் கட்டைகளை வாங்கிவந்தான். மேஸ்திரியிடம் பலகை அறுக்கும் மிஷினையும் ஒரு சுத்தியலையும் இரவல் கேட்டான். ஹாலில் நடுவில் இருந்ததையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு வேலையை ஆரம்பித்தான். மறுபடி அவன் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது. வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு கண்ணை மூடிப் பலகையின் ஓரத்தை நோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவனைச் சமையலறையிலிருந்து பார்த்தபோது, எத்தனையோ நாளைக்குப் பிறகு வீட்டில் ஒரு ஆண்பிள்ளை நடமாடுவதுபோல் அவளுக்கு இருந்தது.

"கண்டெய்னர் வாசல் எவ்வளவு அகலம்?" என்று அங்கிருந்தே கேட்டான்.

அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். சொன்னாள்.

"அப்ப தாராளம். ரெண்டு பெட்டி போகும்."

டிவியைச் சுற்றி, கண்ணாடியைச் சுற்றி, தையல் மிஷினைச் சுற்றிக் கட்டை நிறுத்தினான். குறுக்கே தாங்கல் கொடுத்தான். பலகை மூடினான். அடித்த ஆணியின் முனையை மறுபக்கம் வளைத்து மடக்கினான், பிடுங்க முடியாதபடி. பெட்டி ஆளுயரம் வளர்ந்தது.

"அப்பா, இது பெட்டியா, நமக்கு இன்னொரு ரூமா?" என்றாள் மகள்.

"உன்னையும் உள்ள போட்டு அடிச்சா டிக்கெட்டு மிச்சம்."

"காத்துக்கு ஒரு ஓட்டை போடுங்க, வரேன்."

சிரித்தார்கள். கிரேன்காரியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே பால்கனியைப் பார்த்தாள். பெட்டி அங்கேயே இருந்தது.

லாரி வருவதற்கு முதல் நாள் அவளுக்குத் துறைமுகத்தில் கடைசி வேலை. கூட வேலை பார்த்தவர்கள் கைகொடுத்து அனுப்பினார்கள். வீட்டுத் தெருவுக்குள் திரும்பும்போது மேஸ்திரியின் ஆள் ஒருவன் பைக்கில் எதிரே போனான். டேங்க்கின் மேல் கனமாக ஒரு சாக்குப் பை. அவளைப் பார்த்ததும் "வரேங்க்கா" என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

மாடியேறிக் கதவைத் திறந்தாள். ஹாலில் மரப்பெட்டியின் கடைசிப் பலகையும் மூடி அறையப்பட்டிருந்தது. செருப்பைக் கழற்றாமல் பால்கனிக்குப் போனாள்.

மூலை காலியாக இருந்தது. பெட்டி கிடந்த இடத்தில் துருவும் சிமெண்டும் சேர்ந்த ஒரு நாற்சதுரக் கறை.

மேஸ்திரிகிட்ட போய்விட்டது. அவ்வளவுதான்.

சென்ட்ரிங்காரன் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வந்தான். "சாப்பிட்டியா?" என்றான்.

"ம்."

"என்ன ஒரு மாதிரி இருக்கே?"

"கடைசி நாளில்லியா" என்றாள். கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் வரும். அந்தப் பதிலோடு இந்த வெறும் வீட்டில் படுத்து எழ வேண்டும். காலையில் லாரி வரும், ஆட்கள் வருவார்கள், ஏற்றுவதை ஏற்றிவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். எவ்வளவு உயரத்திலிருந்தும் கண்டெய்னரைச் சத்தமில்லாமல் இறக்கி வைக்கிறவள், தட்டை வைக்கும்போது டங்கென்று வைத்தாள்.

காலையில் கம்பெனி ஆட்கள் நாலு பேரும் அவர்களின் சூப்பர்வைசரும் வந்தார்கள். சூப்பர்வைசர் வந்ததும் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "மத்தியானத்துக்குள்ள துறைமுகக் கேட்டுல ஒப்படைக்கணும். கேட் மூடிட்டா கப்பல் போச்சு. மேடத்துக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதில்லை. மூடிய கேட்டுக்கு வெளியே லாரிக்காரர்கள் கெஞ்சுவதை அவள் மேலிருந்து எவ்வளவோ பார்த்திருக்கிறாள். இந்தக் கப்பலை விட்டால் அடுத்தது எப்போதோ. அவள் அங்கே வேலையில் சேர வேண்டிய நாளுக்கு வெறுந்தரையில் படுத்துத்தான் எழ வேண்டும்.

ஆட்கள் மளமளவென்று அள்ளினார்கள். பாத்திரம், புத்தகம், துணி, சைக்கிள். அட்டைப் பெட்டிகளுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு டேப் ஒட்டினார்கள். வீடு காலியாகிக் குரல் எதிரொலிக்க ஆரம்பித்தது. கடைசியாக மரப்பெட்டிக்கு வந்தார்கள்.

பட்டை போட்டுத் தூக்கினார்கள். வாசல்வரை வந்தது. நின்றது.

"கொஞ்சம் திருப்பு... இந்தப் பக்கம்... உன் பக்கம் சாய்..."

திருப்பினார்கள். சாய்த்தார்கள். படுக்கப் போட்டார்கள். மறுபடி நிமிர்த்தினார்கள். எப்படி வைத்தாலும் நாலு விரல் அகலம் அதிகமாக இருந்தது.

தலையில் துண்டு கட்டியிருந்த ஆள் நிலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். "அண்ணே, வாசல் சிறுத்துப் போச்சு."

சூப்பர்வைசர் டேப் வைத்து அளந்தார். பெட்டியை அளந்தார். வாசலை அளந்தார். "இதை யாருங்க அடிச்சது?"

"நான்தான்" என்றான் சென்ட்ரிங்காரன்.

"என்ன வேலை பாக்கறீங்க?"

"சென்ட்ரிங்."

"அதானே பாத்தேன்!" என்றார் தலைத்துண்டுக்காரர். "எங்க மாமனும் சென்ட்ரிங்தான் சார். இவங்க எதை அடிச்சாலும் அடிச்ச எடத்துலதான் நிக்கும். காரியம் முடிஞ்சா அங்கேயே ஒடச்சு எடுத்துருவாங்க. தூக்கிக்கிட்டு வெளிய போற பழக்கம் பரம்பரைக்கே கிடையாது!"

எல்லோரும் சிரித்தார்கள். தூக்கிய களைப்பும் சேர்ந்து சிரிப்பு அடங்க நேரமானது. மகளும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சென்ட்ரிங்காரன் சிரிக்கவில்லை. அந்த ஆள் சொன்னது உண்மை. எத்தனையோ வாசலுக்கு இடம் விட்டு அடித்தவன் அவன். ஆனால் அவன் கட்டிய எதுவும் ஒரு வாசலைக் கடந்து போனதில்லை. கண்டெய்னர் வாசலை அளக்கத் தோன்றியவனுக்கு வீட்டு வாசலை அளக்கத் தோன்றவில்லை. காது மடல் வரைக்கும் அவன் முகம் கறுத்துச் சிவந்தது.

"பரவாயில்ல, பிரிச்சுருங்க" என்றார் சூப்பர்வைசர். "உள்ள இருக்கறதை நாங்க போர்வை சுத்திக் கட்டிக்கறோம். சீக்கிரம் சார்."

ஆட்களிடம் டேப் வெட்டும் கத்தியும் திருப்புளியும்தான் இருந்தன. ஆணிகள் மடக்கி அறைந்தவை.

அவன் அசையவில்லை.

"பிரிங்க" என்றாள் கிரேன்காரி.

அசையவில்லை. கடிகாரத்தைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"உங்க சாமானை எடுத்துப் பிரிங்கங்கறேன்ல."  இதைத் தனியாகக் கேட்கத்தான் இரவெல்லாம் அடக்கிவைத்திருந்தாள். இப்போது அந்நிய ஆட்கள் ஐந்து பேர் முன்னால் வெளியே வந்துவிட்டது. "எங்க அது? பால்கனியில காணோம்? மேஸ்திரிகிட்ட அனுப்பியாச்சா?"

"என்ன பேசற நீ?"

"நேத்து அவன் ஆளு சாக்குல கட்டிக்கிட்டுப் போறதை என் கண்ணால பாத்தேன். பின்னாடி வரதா ஏற்பாடா? எங்களை அனுப்பிட்டு இங்க குந்திக்கலாம்னு? சொல்லேன்யா. இவங்க முன்னாடியே சொல்லு. நான் ஒருத்தி சாமானை மூட்டை கட்டிக்கிட்டு பைத்தியக்காரி மாதிரி..."

"அது மேஸ்திரியோட மிஷினும் சுத்தியலும்!" என்று கத்தினான். "இரவல் வாங்கினது. திருப்பிக் குடுத்தேன்."

"அப்ப உன் பெட்டி எங்க?"

அவன் திரும்பி மரப்பெட்டியை ஒரு உதை விட்டான்.

"உள்ள இருக்கு."

 தலைத்துண்டுக்காரர்தான் முதலில் ஆரம்பித்தார். "பெட்டிய ஒடைக்கிற சாமானு பெட்டிக்குள்ள இருக்கா?" சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை சூப்பர்வைசரும் சிரித்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கிரேன்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.  உள்ளே இருக்கு. சாமானோடு இருக்கு. அப்படியென்றால் வருகிறான். அந்தச் சந்தோஷம் முழுதாக வருவதற்குள் இன்னொன்று நினைவுக்கு வந்தது. சாமானைப் பார்வையிட வந்தவர் தொழில் சாமானைப் பற்றிச் சொன்னது இவனுக்கும் தெரியும். தெரிந்துதான் டிவிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒளித்து வைத்திருக்கிறான்.

லாரி டிரைவர் டயர் கழற்றும் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதற்குப் பிறகு சென்ட்ரிங்காரனுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பி முனையால் பலகையைத் தட்டினான், சத்தத்தை வைத்து ஆணி இருக்கும் இடம் பார்த்தான், இடுக்கில் கொடுத்து ஒரு நெம்பு. பலகை முனகிக்கொண்டு பிரிந்தது. அடுத்தது. கண்ணாடிக்கு ஒரு விரல் தள்ளிக் கம்பி போய்வந்தது, ஒரு கீறல் விழவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள் சிரிப்பை விட்டுவிட்டார்கள். அடிப்பதைவிடப் பிரிப்பதுதான் அவனுக்குக் கை வந்த வேலை.

கடைசியில் தையல் மிஷினுக்குக் கீழே கம்பளி சுற்றிய ஒரு மூட்டை தெரிந்தது. மகள் இழுத்து உருவினாள்.

பச்சைப் பெட்டி. பச்சை என்று இப்போது சொல்லாமலே தெரிந்தது. மூடியில் ஒட்டியிருந்த சிமெண்ட் ஒரு பொட்டு இல்லை. கிரேன்காரி கொக்கியை எடுத்துத் திறந்தாள். சுத்தியல் தலைகள் பளபளவென்று எண்ணெய் பூசிக் கிடந்தன. உளியின் இடுக்கு, ரம்பத்தின் பல், ரசமட்டத்தின் ஓரம், எங்கும் மண் இல்லை.

"எப்ப கழுவினீங்க?"

"நேத்து நீ ஷிஃப்ட் போயிருந்தப்ப."

"நான்தான் பிரஷ் போட்டேன்" என்றாள் மகள். "என் பழைய பல் பிரஷ் ரெண்டு போச்சு. அம்மாகிட்ட சொன்னா உன் சைக்கிளை இங்கயே விட்டுருவேன்னாரு."

சூப்பர்வைசர் குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "சார், இதை ஏத்த முடியாது."

"மண்ணு இல்லையே."

"மண்ணு இல்ல. ஆனா இது வீட்டுச் சாமானும் இல்ல. முழுக்கத் தொழில் சாமான். அங்க திறந்து பாத்தா எங்க லைசென்சு வரைக்கும் இழுக்கும். நான் பாக்காம இருந்திருந்தா அது வேற கதை. இப்பப் பாத்துட்டேன்."

சென்ட்ரிங்காரன் கம்பியைக் கீழே போட்டான். காலி வீட்டில் அந்தச் சத்தம் பெரிதாகக் கேட்டது. "அது ஏறலைன்னா நானும் ஏறலை."

இதுதான். இத்தனை நாள் மாடிப்படியில் நின்று பேசியது, தட்டைப் பார்த்துச் சொன்னது எல்லாம் சேர்ந்து இப்போது வந்தது.

கிரேன்காரி எழுந்து நின்றாள். "அங்க பிடிச்சாங்கன்னா யாரு வேலை போகும்?"

அவன் கம்பியைக் காலால் சுவரோரம் தள்ளினான்.

"கேக்கறேன்ல. யாரு வேலை?"

"உன் வேலை."

"அது தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் வச்சே?"

"தெரிஞ்சுதான் வச்சேன்." அவன் அவளைப் பார்த்துச் சொன்னான். "வைக்காம வர முடியல. வெறுங்கையோட வந்து அந்த வீட்ல நான் யாரா உக்காந்திருப்பேன்? வேலைக்குப் போகக் கூடாதுன்னா போகல. ஒரு வருஷம் இல்ல, ரெண்டு வருஷம் போகல. சோறாக்கறேன், துணி துவைக்கறேன், நீ எனக்குச் செய்யலையா. ஆனா அது அங்க இருக்கணும். கண்ணுல படற மாதிரி ஒரு மூலையில."

"அதை வாயத் தொறந்து எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

"சொன்னா வேண்டாம்பே."

"ஆமா, வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்!"

தலைத்துண்டுக்காரர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினார். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். எல்லோருக்கும் அந்த இடத்தை விட்டு எங்காவது போக வேண்டும்போல் இருந்தது, போக வழிதான் இல்லை. பாதி பிரித்த மரப்பெட்டி இன்னும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது.

கிரேன்காரி தகரப் பெட்டியின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கைவிட்டு ஆணி பிடுங்கும் நகச் சுத்தியலை எடுத்தாள்.

"அண்ணே, உங்க வீட்ல சுத்தியல் இருக்கா?" என்று சூப்பர்வைசரைக் கேட்டாள்.

"இருக்கு."

"நீங்க சென்ட்ரிங்கா?"

அவர் புரிந்துகொண்டார். தாடையைச் சொறிந்தார். "ஒண்ணுன்னா வீட்டுச் சாமான் மேடம். அஞ்சு இருந்தா தொழில்."

"ஒண்ணு." சுத்தியலைத் தன் வலது பக்கம் வைத்தாள். மீதிச் சுத்தியல்களை இடது பக்கம் தள்ளினாள். "அளக்கற டேப்பு."

"சரி."

"கைரம்பம். சின்னது."

"ம்... சரி."

"ரசமட்டம்."

"அது எதுக்கு வீட்ல?"

"படம் மாட்ட. கோணலா மாட்டினா எனக்குப் பிடிக்காது."

"இவ்வளவு நீள ரசமட்டம் வச்சு எத்தனை படம் மாட்டுவீங்க?"

"எங்ககிட்ட நிறைய படம் இருக்கு."

 அது வலது பக்கம் போனது.

தூக்குக்குண்டைக் கயிற்றோடு தூக்கிப் பிடித்தாள். அது முன்னும் பின்னும் ஆடி நின்றது. 

"அது என்னோடது" என்றாள் மகள். "பிசிக்ஸ் லேப்புக்கு."

"எடுத்து உன் பையில போடு. நான் அதைப் பாக்கல" என்றார் சூப்பர்வைசர். "அந்த நீளக் கம்பி, கிளாம்பு, முட்டு மாட்டற சாமான், அதெல்லாம் முடியவே முடியாது. நீங்க எந்தப் படத்தைச் சொன்னாலும் முடியாது."

கிரேன்காரி கணவனைப் பார்த்தாள். வலது பக்கம் நாலைந்து சாமான் இருந்தன. இடது பக்கம் ஒரு குவியல். எதிரே நின்றவன் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கை சும்மா இருக்க முடியாமல் கொக்கியைத் திறந்து திறந்து மூடியது. இதற்கு மேல் அவளிடம் பேரம் பேச ஒன்றும் இல்லை. இதற்கும் அவன் தலையை ஆட்டிவிட்டால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அவன் குந்தி உட்கார்ந்தான். அவள் வலது பக்கம் வைத்திருந்த சுத்தியலை எடுத்து, இடது பக்கக் குவியலில் தேடி, கைப்பிடி கறுத்துத் தேய்ந்த வேறொன்றை எடுத்து அந்த இடத்தில் வைத்தான்.

"அது புதுசு" என்றான். "இதுதான் என்னோடது."

ஆட்கள் அந்த வார்த்தைக்காகவே காத்திருந்ததுபோல் பாய்ந்தார்கள். டிவிக்கும் கண்ணாடிக்கும் போர்வை சுற்றினார்கள். வலது பக்கச் சாமான் ஒரு அட்டைப் பெட்டிக்குள் சமையல் கரண்டிகளோடு போனது. சூப்பர்வைசர் மேலே பேனாவால் வீட்டுச் சாமான் என்று எழுதி, யோசித்து, அடியில் ஒரு கோடும் போட்டார். மாடிப்படியில் தடதடவென்று காலடி இறங்கியது. லாரிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. கேட் மூடுவதற்குள் போய்விடுவார்கள். இன்றைக்கு அங்கே கிரேனில் யார் இருப்பார்கள் என்பதுகூட அவளுக்குத் தெரியும். கை நிதானமான ஆள்தான். மெதுவாகத்தான் வைப்பான்.

ஹாலில் பலகைகள் சிதறிக் கிடந்தன. சென்ட்ரிங்காரன் இடது பக்கக் குவியலைத் தகரப் பெட்டிக்குள் ஒவ்வொன்றாக அடுக்கினான். போன் அடித்தது. மேஸ்திரி. அவன் மாடிப்படிக்குப் போகவில்லை. அங்கேயே உட்கார்ந்து எடுத்தான். அவள் பலகையிலிருந்து ஆணி பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டாள்.

"ஆமா மேஸ்திரி... ஏத்தியாச்சு... இல்ல, பெட்டி இங்கதான் இருக்கு. பாதிக்கு மேல சாமான் இருக்கு. ஆள் அனுப்பி எடுத்துக்கோங்க..." கொஞ்ச நேரம் அந்தப் பக்கப் பேச்சைக் கேட்டான். நெற்றியைத் தேய்த்தான். "அந்தத் தூண் வேலையா... வேற ஆள் பாத்துக்கோங்க மேஸ்திரி. ...இல்ல. அதுக்கப்புறமும் இல்ல."

போனை வைத்தான். அவள் நிமிரவில்லை. அவன் எழுந்து வாசலுக்குப் போய் நிலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரைக்கும் சாண் போட்டுப் பார்த்தான். மறுபடி போட்டான். தனக்குள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டான்.

"ஏ," என்றான் அங்கிருந்தே. "அந்த ஊரு வீட்டுக்கு வாசல் எவ்வளவு அகலம்?"

"எனக்கென்ன தெரியும்?" என்றாள். "போய் அளந்துக்க."